இடது பக்கத்துச் சீட்டு

ஏனுங்க, அந்தச் சாக்கு மேல மட்டும் உக்காந்தறாதீங்க. இங்க வாங்க, என்ற பக்கத்துல எடமிருக்குது, ஜன்னலோரமே உக்காருங்க. கடைசி சீட்டுன்னா தூக்கித் தூக்கித்தான் போடும், பல்லைக் கடிச்சுக்கணும். அது காரு சீட்டுங்க. சாக்கைச் சுத்திக் கட்டியிருக்கறதால ஆளு குத்தவெச்சு உக்காந்திருக்கறாப்புல தெரியுது. காந்திபுரத்துல ஏறறப்ப ஒரு அம்மா, ஏனுங்க இப்பிடி மூடிக் கூட்டிட்டுப் போறீங்க, மூச்சு முட்டாதான்னு கேட்டுப்போட்டாங்க.

கண்டக்டரு வந்தாரு. இதுக்கொரு டிக்கெட்டு எடுங்கன்னாரு. நான் சொன்னனுங்க, இது லேடீஸ் சீட்டுங்க, லேடீஸுக்கு ப்ரீதானுங்களேன்னு. மனுசன் சிரிச்சுப்போட்டாரு. சிரிச்சுட்டே லக்கேஜு போட்டுக் கிழிச்சுக் குடுத்துட்டாரு, அது வேற விசயம். ஆனா நான் பொய் சொல்லலீங்க. லேடீஸ் சீட்டுதான் அது. என்ற சம்சாரம் உக்கார்ற சீட்டு.

நீங்க எங்க வரைக்கும்? சத்தியமங்கலத்துக்குங்களா. நான் புளியம்பட்டிங்க. பேரு ஆறுச்சாமி. சந்தை வேவாரம். நைட்டி, உள்பாவாடை, துண்டு. வியாழக்கெழமை எங்கூருச் சந்தைக்கு வந்திருந்தீங்கன்னா பாத்திருப்பீங்க. சேப்புக் காரு, எண்ணூறு சிசி, சின்னது, அதை ஒட்டித் தார்ப்பாயி கட்டிக் கடை. பின் சீட்டைக் கழட்டி ஊட்டுல போட்டாச்சு, டிவி பாக்க நான் அதுலதான் உக்காருவேன். அந்த எடத்துல பூராமும் மூட்டை. முன்னால ஓட்டறது நானு, இடது பக்கம் துளசிமணி. துளசிமணிதான் என்ற சம்சாரம். பத்தொம்பது வருசமா வாரத்துக்கு ஆறு சந்தைங்க. அந்தக் காரு ஓடின தூரத்துக்குக் காசிக்கு எத்தனை தடவை போயிட்டு வந்திருக்கலாமோ.

இப்ப அவ பல்லடத்துல இருக்கறா. எங்களுக்கு ஒரே புள்ள, கோகிலவாணி, அவ ஊட்டுல. அஞ்சு மாசமாச்சு. வெள்ளிக்கெழமை காங்கயத்துல துளசிமணி தம்பி புது ஊடு பால் காச்சறான். நான் அன்னைக்கு வெடியால நேரமே பல்லடம் போயி, அவளைக் காருல ஏத்தி, காங்கயத்துல தலையக் காட்டிட்டு, அப்பிடியே எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தரலாமுன்னு இருக்கறனுங்க. சீட்டு மாட்டியிருந்தா வந்துருவா. இல்லீனா வரமாட்டா. இன்னைக்கு புதன். சாயந்தரம் சின்னராசு பட்டறையில விட்டு மாட்டினா முடிஞ்சுது. நாலே போல்ட்டுதானுங்க.

சண்டையா? சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நாங்க சண்டை போட்டு ஆரும் பாத்ததில்ல. அவ சத்தம் போட்டே பேசமாட்டா. சீட்டுதாங்க. எல்லாத்துக்கும் அந்தக் கெரகம் புடிச்ச சீட்டுதான்.

சொல்றனுங்க. காருல சீட்டைச் சாய்க்கறதுக்குக் கதவோரம் ஒரு லிவரு இருக்குமில்லீங்களா. அவ சீட்டுல அந்த லிவருக்குள்ள பல்லு தேஞ்சுபோச்சு. ஒரு குலுங்கு குலுங்கினா பொதுக்குன்னு பின்னால சாஞ்சுக்கும். அதுக்கு அவ என்ன பண்ணுவான்னா, இடது கையை லிவரு மேல வெச்சு அமுத்திப் பிடிச்சுட்டே வருவா. வலது கை மடியில இருக்கற மூட்டையப் பிடிச்சிருக்கும். அப்பிடியே ரெண்டு வருசம் வந்தாங்க. கை மரத்துப்போகுதுங்கன்னு எப்பவாவது சொல்லுவா. கம்பி ஒண்ணு முதுகுல குத்துதுங்கன்னும் சொன்னா. அதுக்கு நான் சும்மா இருக்கலீங்க. விக்கற துண்டுலயே ஒண்ணை உருவி, நாலா மடிச்சு, இதை வெச்சுக்கோன்னு குடுத்தேன். நல்ல துண்டுங்க. கடையில இருந்ததுலயே கெட்டித் துண்டு.

மாத்தியிருக்கலாமேன்னு நீங்க நெனைக்கறது தெரியுது. மாத்தோணும் மாத்தோணும்னுதான் இருந்தது. ஆடி போகட்டும்பேன். தீபாவளி வேவாரம் முடியட்டும்பேன். பொங்கலுக்குள்ள பாக்கலாம்பேன். சந்தைக்காரனுக்கு லீவு எங்கீங்க இருக்குது? என்ற சீட்டுன்னா அப்பிடி விட முடியாது. ஓட்டறவனுக்கு முதுகு போச்சுன்னா குடும்பமே போச்சு. அதனால என்ற சீட்டுக்கு மட்டும் பஞ்சு மாத்தி, புது உறை போட்டு, மேல மணி கோத்த விரிப்பு ஒண்ணு போட்டு வெச்சிருக்கறேன். துளசிமணியே சொல்லுவா, உங்குளுது சிம்மாசனமுங்கன்னு. சிரிச்சுட்டேதான் சொல்லுவா.

அவ இல்லீனா அந்த வண்டி நகராதுங்க, அதையும் சொல்லிப்போடறேன். பின்னால பூராமும் மூட்டை, கண்ணாடியில ஒண்ணும் தெரியாது. சந்தையில வண்டியப் பின்னால எடுத்து எடத்துல நிறுத்தோணும்னா அவ எறங்கி நிக்கோணும். மழை பேஞ்சு சேறா கெடக்கும், முழங்கால் வரைக்கும் சேலையத் தூக்கிச் சொருகிட்டு நின்னு சொல்லுவா. வரலாம், வரலாம், இன்னும் வரலாம். அப்பறம் போதுங்கன்னுவா. போதுங்கன்னா போதுந்தான். அப்பிடியே அமுத்தி நிறுத்திருவேன், ஒரு சாண் போகமாட்டேன். பின்னால ஆடிருக்கும், அடுப்பிருக்கும், குழந்தை தவழ்ந்துட்டிருக்கும், எனக்கென்ன தெரியும். அவ வாய்தானுங்க எனக்குக் கண்ணு. பத்தொம்பது வருசத்துல வண்டிக்குப் பின்னால ஒரு கீறல் கெடையாது.

இதுபோக ரேடியேட்டருக்குத் தண்ணி கொண்டாறது, கண்ணாடி தொடைக்கறது, டயரு மாத்தறப்ப கல்லு வெக்கறது, எல்லாம் அவதான். அதனால நான் அவளைக் கிளீனருன்னு கூப்பிடுவனுங்க. லாரியில டிரைவருக்கு எடது பக்கம் கிளீனருதான உக்காருவான். ஏ கிளீனரு, எறங்கிப் பாரு. ஏ கிளீனரு, ஒரு டீ சொல்லு. செல்லமாத்தானுங்க. சந்தையில அத்தனை பேரும் சிரிப்பாங்க. அக்கம்பக்கத்துக் கடைக்காரங்க கூட, என்னுங்க ஆறுச்சாமியண்ணா, கிளீனரு இன்னைக்கு வல்லீங்களான்னு கேப்பாங்க. அவளும் சிரிப்பா. சிரிச்சான்னுதான் நெனைக்கறேன். அவ பின்னால நிப்பா, நான் முன்னால பாத்துட்டிருப்பேன்.

ஒருக்கா, புள்ளையக் கட்டிக் குடுத்த புதுசுல, எனக்கும் ஓட்டக் கத்துக் குடுங்கன்னு கேட்டா. நான், நீ ஓட்டினா கிளீனரு வேலை ஆரு பாக்கறதுன்னேன். அன்னைக்கு நல்லாச் சிரிச்சோமுங்க.

அது நடந்தது ஆவணியில. செவ்வாச் சந்தைக்குப் போயிட்டிருக்கறோம். எனக்கு வண்டி ஓட்டறப்ப வாயில வெத்தலை இருக்கோணும், இல்லீனா தூக்கம் வரும். வெத்தலை குடுன்னேன். வெத்தலை மடிக்கறதுக்கு ரெண்டு கையும் வேணுமில்லீங்களா, இவ காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவிட்டிருக்கறா. ரோட்டுல புதுசா ஒரு ஸ்பீடு பிரேக்கரு போட்டிருக்கறாங்க, வெள்ளைக் கோடு கூட அடிக்கல. நான் ஏத்திப்போட்டேன். சீட்டு மல்லாந்துருச்சு. ரெண்டு வருசமாப் பிடிச்சுட்டு வந்தவ அன்னைக்குன்னு பாத்துக் கையை எடுத்துப்போட்டா பாருங்க. அதைத்தான் நான் நேரமுன்னு சொல்றது.

பின்னால மூட்டைதானுங்க, மெத்தையாட்டந்தான் இருந்திருக்கும். ஆனா மூட்டைகளுக்கு நடுவுல கடை போடற இரும்புக் கம்பிகளைச் சொருகியிருந்தோம். அதுல ஒண்ணு இடுப்புக்கு மேல நடு முதுகுல அடிச்சுப்போட்டுது. கத்தலீங்க அவ. மூச்சை இழுத்தா, அவ்வளவுதான். சுண்ணாம்பு டப்பி எகிறிப் போயி மேலாப்புல இருந்த புது நைட்டி மூட்டையில கொட்டிருச்சு. நான் வண்டிய ஓரங்கட்டி, மொதல்ல அந்தச் சுண்ணாம்பைத் தட்டி உட்டனுங்க. ஈரம் பட்டு ஊறுச்சுன்னா துணி போச்சு. அப்பறந்தான், ஏம்புள்ள, எந்திரின்னேன். எந்திரிக்க முடியலீங்கன்னா.

பாதி வழியில திரும்ப முடியுங்களா? இந்தால போனாலும் அவ்வளவு தூரம், அந்தால போனாலும் அவ்வளவு தூரம். சந்தைக்கே போயிட்டோம். கடைக்குப் பின்னால மூட்டைகளப் பரப்பி அவளப் படுக்க வெச்சேன். படுத்துட்டே வேவாரம் பாத்தாளுங்க. எவளாவது வந்து நைட்டிய எடுத்தா, அது டபுள் எக்ஸலு, உங்குளுக்கு எக்ஸலு போதும் கண்ணுன்னு கீழ இருந்து சத்தம் வரும். அன்னைக்கு நல்ல வேவாரம். அன்னைக்கு வண்டியப் பின்னால எடுக்கறப்பதான் வேற ஒருத்தனைக் கூப்பிட்டு நிறுத்த வேண்டியதாப் போச்சு.

ரெண்டு நாளு தைலந் தேச்சுப் பாத்தோம். மூணா நாளு கால் மரத்துப்போச்சுன்னா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். எந்த ஆஸ்பத்திரியா இருந்தா என்னங்க, பெரிய ஆஸ்பத்திரி. அங்க ஓ.பி. சீட்டு எழுதற புள்ள, கம்ப்யூட்டரைப் பாத்துட்டே பேரு கேட்டுது. துளசிமணி. வயசு? அம்பத்திரெண்டு. என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டுது. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இவ சொல்றா, கிளீனருங்க.

அந்தப் புள்ள நிமுந்து பாத்துது. எங்கீங்கம்மா, ஆபீஸுலயா, ஆஸ்பத்திரியிலயான்னுது. இவ என்னையக் கை காட்டறா. இல்லீங்க கண்ணு, இவிய காருலீங்க. பத்தொம்பது வருசமான்னா.

நான் சிரிச்சுப்போட்டனுங்க. ஜோக்கு அடிக்கறான்னு நெனைச்சேன். முதுகு வலியிலயும் பாருங்க, தமாசுன்னு. அப்பறம் பாத்தா அவ சிரிக்கல. அந்தப் புள்ளயும் சிரிக்கல. அந்தப் புள்ள அதையே எழுதிக் குடுத்துருச்சு. காயிதம் இன்னும் எங்கிட்ட இருக்குது. எனக்குப் பொக்குனு போயிருச்சுங்க. அன்னைக்கு வெச்ச ஆணைதான். அந்த வார்த்தைய இனி என்ற வாயில எடுக்கறதில்ல, எவனாவது எங்காதுபடச் சொன்னாலும் உடறதில்லைன்னு. அஞ்சு மாசமா எடுக்கலீங்க. இப்ப உங்ககிட்டக் கதைக்காகத்தான் சொன்னேன், அது கணக்கில்ல.

கோகிலவாணி வந்தா. டாக்டருகிட்ட அவளே பேசினா. தண்டுவட எலும்பு நவுந்திருக்குதாம், வெயிட்டு தூக்கக் கூடாது, குலுங்கக் கூடாதாம். அவங்கம்மாவ டாக்ஸி வெச்சுப் பல்லடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. வாசல்ல நம்ம காரு நிக்குது, டாக்ஸி எதுக்கு அம்மிணின்னேன். புள்ள என்னைய ஒரு பார்வை பாத்தா பாருங்க. அந்தச் சீட்டுலயாப்பான்னா. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. ஓகோ, சீட்டுதான் விசயமான்னு. புள்ள வாயாலயே வந்துருச்சில்லீங்களா.

அதுல இருந்து வாரத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவேன். புள்ளதான் எடுக்கும். அம்மா தூங்குதும்பா, கோயலுக்குப் போயிருக்குதும்பா. நடக்கறாளேன்னு சந்தோசமாயிரும். முந்தின மாசம் அவ சேலைங்களைப் பூராமும் கட்டிக் குடுத்து உடுங்கப்பான்னா, குடுத்து உட்டேன். டிரங்குப் பெட்டியக் கேட்டா, அதையும் பஸ்ஸுல போட்டு உட்டேன். போன வாரம் ரேசன் கார்டுல அம்மா பேரை எடுத்து இங்க சேக்கோணும், கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னா. போட்டுக் குடுத்தேன். பல்லடத்துல அரிசி நல்லா இருக்குமாட்ட இருக்குது. எங்கூரு அரிசியில கல்லுங்க.

அவ கொரலை ஒரே ஒருக்காதான் கேட்டேன். பத்து நாளைக்கு முன்னால. அன்னைக்குப் புள்ள கெணத்தடியிலயோ எங்கயோ இருந்திருப்பா, இவளே எடுத்துப்போட்டா. நான் உடலியே. புள்ள, சீட்டு மாத்தறேன், நல்ல சீட்டாப் பாத்திருக்கறேன், புதுப் பஞ்சு, புது உறை, நீ சொன்னா மணி விரிப்பு கூட, வெள்ளிக்கெழமை வாரேன், தம்பி ஊட்டுக்குப் போலாமுன்னு மூச்சு உடாமச் சொன்னேன். அவ கேட்டா, அந்தச் சீட்டுல நீங்க ஒரு நாளாச்சும் உக்காந்து வந்திருக்கறீங்களான்னு.

என்ன கேள்விங்க அது? நான் அதுல உக்காந்தா வண்டிய ஆரு ஓட்டறது? அதையேதான் அவகிட்டயும் சொன்னேன். அதுக்கு அவ, போதுங்கன்னா. போனை வெச்சுப்போட்டா.

எனக்கு அப்பத்தான் உசுரே வந்துச்சு. போதுங்கன்னு சொல்லிட்டா பாத்தீங்களா. சீட்டு மட்டும் மாத்தினாப் போதும், மணி விரிப்பெல்லாம் வேண்டாங்கறா. செலவு வெக்கமாட்டாங்க அவ எப்பவுமே. அடுத்த நாளே உக்கடம் கெளம்பிட்டேன்.

நீங்க உக்கடத்துல பழைய சாமான் கடை பாத்திருக்கறீங்களா? ஒரு காரு இப்பிடித் துண்டு துண்டாப் போகுமான்னு இருக்கும். கதவு ஒரு பக்கம் குமிச்சிருக்குது, ஸ்டேரிங்கு ஒரு பக்கம் தோரணமாத் தொங்குது. சீட்டு மட்டும் ரெண்டு ரெண்டா ஜோடியாப் போட்டு வெச்சிருப்பாங்க, மாப்பிள்ளை பொண்ணாட்டம், நம்மளப் பாத்தபடி. ஒவ்வொண்ணுலயும் ஆரோ உக்காந்து உக்காந்து குழி உழுந்திருக்கும். அந்தக் குழியெல்லாம் பாத்துட்டே நடக்கறப்ப ஒரு மாதிரி இருந்துதுங்க. இதுல உக்காந்தவங்களெல்லாம் எங்க போனாங்களோன்னு.

மொதல் தடவை ஏமாந்துபோட்டேன். என்ற காரு பழைய மாடலு, அவன் குடுத்தது புது மாடலு. ரெண்டும் ஒரே கம்பெனி, பாத்தா ஒரே சீட்டு. சின்னராசு தரையில வெச்சுப் பாத்துட்டு, மாமா, ஓட்டை ஒன்றரை இன்ச்சு தள்ளி நிக்குதுன்னுட்டான். இழுத்துப் பத்த வெச்சுத் தாடான்னேன். அவன் நல்ல பையனுங்க, சொன்னான், மாமா, முதுகு போன மனுசிக்குப் போடற சீட்டு, வெல்டிங்கு உட்டுப்போச்சுன்னா மறுக்கா மல்லாந்துக்கும், நான் செய்யமாட்டேன்னுட்டான். இன்னொண்ணும் சொன்னான். டிரைவரு உக்கார்ற சீட்டு இடது பக்கத்துக்கு ஆகாது, காலு ஒரு பக்கம் நெட்டை, ஒரு பக்கம் கட்டை, மாத்திப் போட்டா உக்கார்றவங்க கோணலாத்தான் உக்காரோணும், சரியான பக்கத்துச் சீட்டாப் பாத்து வாங்குங்கன்னான். அந்த மொதச் சீட்டு இப்ப ஊட்டுல, பின் சீட்டுக்கு எதிர்ல கெடக்குது. ஊடே ஒரு காராட்டம் ஆயிப்போச்சு, நான் ஒருத்தன்தான் பாசஞ்சரு.

அதனால இன்னைக்கு உசாராத்தான் போனேன். துணி அளக்கற டேப்பையே எடுத்துட்டுப் போனேன். பழைய சீட்டோட நாலு ஓட்டையும் அளந்து, காயிதத்துல படம் போட்டு, பையில வெச்சுட்டுப் போனேன். சுலைமான் பாய்னு ஒருத்தரு கடை. பொறுமையான மனுசன். பழைய மாடலு எண்ணூறுன்னேன். இருக்கு வாங்கன்னு கூட்டிட்டுப் போயி ஒரு ஜோடி காட்டினாரு. அடடா, நல்ல சீட்டுங்க. ஒரு டாக்டரு ஊட்டுக் காராம், அந்தம்மா கோயலுக்கு மட்டும் எடுத்துட்டுப் போனதாம். பஞ்சு அமுங்கவே இல்ல.

பாய் கேட்டாரு, எது வேணும், டிரைவரு சைடா, கிளீனரு சைடா?

எனக்குச் சுருக்குன்னு ஏறிப்போச்சு. ஏனுங்க பாய், அதுல உக்காரப் போறது என்ற சம்சாரம், மரியாதையாப் பேசுங்கன்னேன். அவரு முழிச்சாரு. ஐயா, இந்தத் தொழில்ல அப்பிடித்தான் சொல்றது, டிரைவரு சைடு, கிளீனரு சைடு, தப்பா ஒண்ணுமில்லேன்னாரு. நீங்க என்ன வேணா சொல்லிக்குங்க, எங்கிட்ட அந்தப் பேச்சு வேண்டாம், எனக்கு இடது பக்கத்துச் சீட்டு வேணும், அவ்வளவுதான்னேன். இதுவான்னு கை காட்டினாரு. எடது கைப் பக்கம் இருந்ததுதான். அதேதான்னேன். எடுக்கற ஆளு வந்து தூக்கறப்பக் கூட பாய் மறுக்கா கேட்டாரு, ஐயா, கோவிச்சுக்காதீங்க, நீங்க கேக்கறது கிளீனரு சைடுதானேன்னு. நான் டேப்பை நீட்டி, ஓட்டையப் பாருங்க, நூலு பிசகாம நிக்குது, எடது பக்கந்தான், கட்டுங்க சாக்கைன்னுட்டேன். சரிங்க ஐயா, உங்க விருப்பமுன்னாரு. வித்த சாமானைத் திருப்பி எடுக்கறதில்லைன்னு போர்டு தொங்குது. தொங்கட்டும், நான் எதுக்குத் திருப்பப் போறேன்.

இதா, அன்னூரு வந்துருச்சு. கூட்டத்தைப் பாருங்க. இன்னைக்கு என்ன, முகூர்த்தமா? வாம்மா, பாத்து ஏறு. கைக்குழந்தையா. அட, நீங்க எதுக்குங்க எந்திரிக்கறீங்க? அந்தப் புள்ளைக்கு எடங் குடுத்துட்டீங்களா. நல்ல மனசுங்க உங்குளுக்கு. அதுக்காகப் புளியம்பட்டி தாண்டி வரைக்கும் நின்னுட்டே வருவீங்களாக்கும்?

இருங்க. இந்தச் சாக்கை அவுத்துடறேன். இதுல உக்காருங்க. பரவாயில்லீங்க, உக்காருங்கறேன். மொதல்ல அவதான் உக்காரோணும்னு நெனைச்சேன், அதான் உங்களை உக்காராதீங்கன்னேன். கோவிச்சுக்காதீங்க. நாலு நல்ல மனுசங்க உக்காந்து குடுத்தா சீட்டுக்கும் ராசிதான். எப்பிடி இருக்குது? முதுகுக்கு அணைவா இருக்குதில்ல? கம்பி கிம்பி ஒண்ணும் குத்தாது, நான் பூராமும் தடவிப் பாத்துட்டேன். சாச்சுப் பாருங்க. கொஞ்சமா. லிவரு இருக்குது பாருங்க, இடது கைய அப்பிடியே கீழ உடுங்க, கதவோரமா வரும், கைக்குத் தட்டும்.

இல்லீங்களா? இன்னும் கொஞ்சம் பின்னால பாருங்க. சாக்கு நூலு மறைச்சிருக்கும்.

இந்தப் பக்கமா? வலது கையில தட்டுதுங்களா.

நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எந்திரிங்க ஒரு நிமிசம், எந்திரிங்க, நான் உக்காந்து பாக்கறேன்.

ம்.

எனக்கும் வலது கைக்குத்தான் வருது.

அது நம்மளப் பாத்தபடி நின்னுட்டிருந்துதுங்க. ஜோடியா. நான் எதுக்க நின்னு எடது கைப் பக்கத்தைக் காட்டினேன். எதுக்க நின்னு பாத்தா எடது வலதாயிரும் பாத்தீங்களா. அவரு ரெண்டு தடவை கேட்டாரு. நான்தான் உடல. அந்த ஒரு வார்த்தைய நான் சொல்லியிருந்தா எடுத்துக் குடுத்திருப்பாரு. வாயில எடுக்கறதில்லைன்னு ஆணை வெச்சுட்டேனுங்களே. பத்தொம்பது வருசமாச் சொன்னதை ஒரு தடவை சொல்லியிருக்கலாம். எப்பச் சொல்லோணுமோ அப்பச் சொல்லல.

இப்பத் திரும்பிப் போனா கடை சாத்திருவாங்க. நாளைக்கா? நாளைக்குச் சந்தைங்களே. வியாழக்கெழமை. எங்கூருச் சந்தை. அதை எப்பிடிங்க உடறது? இல்லீங்க, அதெல்லாம் உட முடியாது. நீங்க சொல்றது சரிதான், ஒரு சந்தைதான், ஆனா அது வியாழக்கெழமைச் சந்தைங்க. நீங்க வேவாரம் பண்றவரில்ல, உங்குளுக்குத் தெரியாது.

என்ற பக்கம் மாட்டிக்கறதா? என்ற சீட்டுக்கு என்னங்க. என்ற சீட்டு நல்லாத்தானுங்க இருக்குது. அதுக்கு ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்ல.

நீங்களே உக்காந்துக்குங்க, நான் நின்னுக்கறேன். வெசனமாத்தான் இருக்குது. வெசனமில்லாம என்ன. அந்தச் சீட்டுல ஒரு நாளாச்சும் உக்காந்து வந்திருக்கறீங்களான்னு கேட்டாளே, அதுதான் இப்ப மண்டைக்குள்ள வருது. உக்காந்ததில்லீங்க. ஒரு நாளும் உக்காந்ததில்ல. நிக்கற வண்டியில கூட.

புளியம்பட்டி வந்துருச்சு. வளைவுல திரும்புதே, அதான் எங்க ஸ்டாண்டு. ஏனுங்க, ஒரு கை குடுக்கறீங்களா? இதை எறக்கோணும். ஏத்தறப்ப ஆட்டோக்காரன் ஒரு பக்கம் பிடிச்சான். நான் முதுகு காட்டிப் பின்னாலயே எறங்கறேன், நீங்க மேல நின்னு பிடிச்சுக்குங்க. சீட்டு மறைக்குது, எனக்குப் படி தெரியாது. நீங்க பாத்துச் சொல்லுங்க. வரலாம் வரலாமுன்னு சொல்லிட்டே இருங்க, எங்க நிறுத்தோணுமோ அங்க போதும்னு சொல்லிப்போடுங்க, நான் நின்னுக்கறேன். எனக்கு அப்பிடித்தான் பழக்கம். போதும்னு சொன்னதுக்கப்பறம் ஒரு அடி வெக்கமாட்டேன். வெச்சா எதையாவது இடிச்சுப்போடுவமில்லீங்களா.

சொல்லுங்க.

இருங்க, இருங்க. ஒரு நிமிசம். கண்டக்டருகிட்ட ஒரு நிமிசம்னு சொல்லுங்க.

போதுங்கன்னுதானுங்க அன்னைக்குப் போனுலயும் சொன்னா.